தண்ணீருக்கடியில் ஆழம் அளக்க: காசல்ரீக்கு ஒரு வழி, கழிமுகத்துக்கு வேறு வழி

"அண்ணே, ஆழம் பார்க்க எந்த மெஷின் வாங்கலாம்?" இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக இரண்டு பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வலை போடுகிற ஆட்கள். அடியில் கிடக்கிற கட்டைகளில் மாட்டி வலை கிழிந்தது போதும், எங்கே பள்ளம் எங்கே மேடு என்று ஒரு வரைபடம் கையில் இருந்தால் நல்லது, மண் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் தெரிந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். மறுபக்கம் எங்கள் தோட்டத்து டிவிஷனில் பிறந்து மட்டக்களப்பில் படிக்கிற ஒரு தம்பி. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை அளந்து ஆய்வறிக்கை எழுத வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். மலை நீர்த்தேக்கத்துக்கு, ஒலி அனுப்பி ஆழம் பார்க்கிற ஒரு சாதாரண மீன் தேடும் சோனாரும் உருப்படியான ஜிபிஎஸ் ஒன்றும் போதும், அதோடு தண்ணீர் வற்றுகிற மாதத்தில் வெளியே தெரிகிற தரையைத் தனியாக அளந்துகொள்ள வேண்டும். கழிமுகத்துக்கு முதல் செலவு நீர்மட்டம் பார்க்கிற கோலுக்கு, அப்புறம்தான் இரட்டை அலைவரிசை எதிரொலிமானி (இளகின சேற்றையும் கெட்டித் தரையையும் பிரித்துக் காட்டுகிற சோனார்), அதுவும் வாடகைக்கு. ஒலியை விசிறி மாதிரி விரித்து அளக்கிற பல்கற்றைச் சோனார் என்று படம் காட்டி ஆசை மூட்டுவார்கள், அது இரண்டு பேருக்குமே வேண்டாம்.

காரணம் தரையின் சாய்வில் இருக்கிறது. காசல்ரீயும் பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கமும் ஆற்றுப் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியவை, முதலாவது 1965இல், அடுத்தது 1969இல். தேயிலைச் சரிவு என்ன சாய்வில் வந்து தண்ணீரில் முங்குகிறதோ, அடியிலும் அநேகமாக அதே சாய்வில்தான் போகிறது. இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு இங்கே யாருக்கும் புதிதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் பிசகினால், சோனார் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வரைபடத்தில் ஆழம் இரண்டரை மீட்டர் தவறாகத்தான் விழும். பள்ளத்தாக்குக்குள் மலை பாதி வானத்தை மறைத்துக்கொள்வதால் ஜிபிஎஸ் பிசகுவது சகஜமும்கூட. கழிமுகத்தில் கதை தலைகீழ். அங்கே தரை பெரும்பாலும் சமதரை, தண்ணீர் இடுப்பளவு, ஆளளவு. ஐந்து மீட்டர் தள்ளி அளந்தாலும் ஆழம் பெரிதாக மாறாது. ஆனால் அளந்த நேரத்தில் நீர்மட்டம் இருபது செ.மீ. கூடியிருந்ததைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒன்றரை மீட்டர்த் தண்ணீரில் அது பெரிய தவறு. ஆக, மலையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்குக் காசு செலவழிக்க வேண்டும், கழிமுகத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கயிறும் குண்டும் இன்னும் செத்துப்போகவில்லை. கடற்கரைப் பக்கம் இன்றைக்கும் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. பழைய கப்பல்காரர்கள் ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் கொழுப்பைப் பூசி இறக்குவார்கள்; மேலே வரும்போது மணலா சேறா சிப்பியா என்று அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் விலையுயர்ந்த சோனார்கூடக் கயிற்றுக்குப் பக்கத்தில் வர முடியாது, அது மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நம்ம பக்கம் கயிறு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. நைலோன் கயிறு நனைந்தால் இழுபடும், அதனால் இழுபடாத கயிறோ பழைய அளவு நாடாவோ எடுத்து, அரை மீட்டருக்கு ஒரு நிறத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கூரான குண்டு சேற்றில் இறங்கிவிடும், ஆகவே அடியில் ஒரு சாண் அகலத் தட்டு வைத்துவிடுங்கள். தட்டு கெட்டித் தரையில் உட்கார்ந்தால் கயிற்றைப் பிடித்திருக்கிற கைக்கு "டக்" என்று தெரியும். இளகின சேறு என்றால் அந்த "டக்" வராது, கயிறு மெல்லத் தளர்வது மட்டும்தான் தெரியும். அந்த வித்தியாசத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கயிற்றின் குறை நேரம். ஒரு நாள் முழுக்க இறக்கி ஏற்றினாலும் சில நூறு புள்ளிகளுக்கு மேல் கிடைக்காது, மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கு வழியே காற்று ஏறினால் வள்ளம் நகர்ந்து கயிறு சாய்ந்துவிடும், அப்போது ஆழம் கூடுதலாகத்தான் வரும். சின்னத் தோட்டத்துக் குளம், ஓடை வந்து விழுகிற வாய், ஒன்றரை மீட்டருக்குக் குறைவான தண்ணீர், இந்த மூன்று இடத்துக்கும் கயிறோ அளவுக்கோலோ போதும். அரை மீட்டர்த் தண்ணீரில் பெரும்பாலான சோனார்கள் ஒழுங்காக எதையும் சொல்லாது என்பதால் அங்கே கோல்தான் ராஜா.

இப்போது எல்லாரும் கேட்கிற மீன் தேடும் சோனாருக்கு வருவோம். கார்மின், லோரன்ஸ் மாதிரிப் பெயர்களில் வருகிறதே, அது. வேலை செய்கிற விதம் லேசானது: கீழே ஒரு ஒலித்துடிப்பை அனுப்புகிறது, திரும்பி வர எடுத்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்கிறது, திரையில் எண் வருகிறது. சிக்கல் எல்லாம் அந்த ஒலியின் வேகத்திலும், துடிப்பு எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதிலும் இருக்கிறது.

வேகத்தை முதலில் பார்ப்போம். இந்தக் கருவிகள் பொதுவாக நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. 20 டிகிரியில் இருக்கிற நன்னீரில் உண்மை வேகம் ஏறக்குறைய 1,482 மீட்டர். நம்ம மலைத் தண்ணீர் அந்த அளவுக் குளிர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் ஆழத்துக்கு அது 36 செ.மீ. கூடுதலாகக் காட்டும். வெப்பமான கடல் நீரில் வேகம் 1,540க்குப் பக்கம் போகும், அங்கே அதே கருவி குறைத்துக் காட்டும். ஆனால் கழிமுகத்தில் இரண்டு மீட்டர்தான் ஆழம் என்றால் அந்தக் குறைவு ஐந்து செ.மீ., அதைப் பற்றி யாரும் அழப்போவதில்லை. சரி செய்வதும் எளிது. ஒரு இரும்புத் தட்டை, வீட்டுத் தோசைக்கல்லாக இருந்தாலும் பரவாயில்லை, அளந்த சங்கிலியில் கட்டிச் சோனாருக்கு நேர் கீழே 2, 5, 10 மீட்டரில் தொங்கவிட்டுப் பாருங்கள். திரை என்ன சொல்கிறது, சங்கிலி என்ன சொல்கிறது என்பதை எழுதிக்கொண்டால் அன்றைக்கு வேண்டிய திருத்தம் கையில். கோடிக் கணக்கில் விலை போகிற கருவி வைத்திருக்கிற கப்பல்காரர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள்.

விரிவுதான் மலையில் ஆளைக் கவிழ்க்கிற விஷயம். மீன் தேடும் சோனாரின் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை பொதுவாக 20 டிகிரி அளவுக்கு விரியும். 20 மீட்டர் ஆழத்தில் அது ஏழு மீட்டர் விட்டமுள்ள வட்டம். கருவி அந்த வட்டத்துக்குள் முதலில் திரும்பி வருகிற எதிரொலியைத்தான் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. சமதரையில் இதனால் ஒரு கேடும் இல்லை. சரிவில், வட்டத்தின் கரைப்பக்க விளிம்பு முதலில் பதில் சொல்லிவிடும். நான் முன்னே சொன்ன இரண்டுக்கு ஒன்று சரிவில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 மீட்டர் இருக்கிற இடத்தை 18.7 என்று காட்டும். ஒன்றே கால் மீட்டருக்கு மேல் குறைவு! அதுவும் எல்லா இடத்திலும் ஒரே திசையில், மேடாகவே காட்டும். அணை கட்டும் முன் இருந்த தரையோடு இதை ஒப்பிட்டு "ஐயோ, இவ்வளவு மண் நிரம்பிவிட்டதே" என்று அறிக்கை எழுதினால், நிரம்பாத மண்ணுக்கு நாமே கணக்குக் காட்டினவர்களாக ஆகிவிடுவோம். பழைய ஆறு ஓடின ஒடுங்கிய அடிப்பள்ளமும் இதே காரணத்தால் திரையில் தெரியாமல் போகும், இரண்டு பக்கச் சுவர்களும் முந்திக்கொண்டு பதில் சொல்வதால்.

இதற்குச் செய்யக்கூடியது என்ன? ஒடுங்கிய கற்றை உள்ள அளவைச் சோனார் ஒன்றை வாடகைக்கு எடுப்பது, எட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. இல்லையென்றால் சரிவான ஓரங்களைச் சோனாரிடம் விடாமல் வேறு வழியில் அளப்பது, அதைக் கொஞ்சத்தில் சொல்கிறேன். வலைக்காரர்களின் தேவைக்கு, அதாவது கட்டை எங்கே, பள்ளம் எங்கே என்பதற்கு, இந்த ஒன்றே கால் மீட்டர் பெரிய பொருட்டில்லை. அவர்களுக்கு மீன் தேடும் சோனார் தாராளம். இந்தக் கருவிகளில் சிலவற்றில் வள்ளம் போகப் போகச் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே மட்டத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடுகள், தானாகவே வரைந்துகொள்கிற வசதி உண்டு. பார்க்க அழகாக இருக்கும், அழகை நம்பி மண் கணக்குப் போடக் கூடாது, அவ்வளவுதான். எடுத்த தரவை வெளியே எடுத்துக் கியூஜிஸ் (QGIS) மாதிரி இலவச வரைபட மென்பொருளில் நீங்களே வரைந்தால் எந்தப் புள்ளி உண்மையில் அளந்தது, எது இடையில் நிரப்பியது என்றாவது தெரியும்.

ரிமோட்டில் ஓடுகிற சின்னப் படகில் சோனாரைக் கட்டிவிடுவது இப்போது புது மோகம். தோட்டக் குளத்துக்கும் நுவரெலியாவின் கிரகரி வாவி மாதிரி அடக்கமான இடத்துக்கும் பிரமாதம், ஆள் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம். காசல்ரீ அளவுக்குப் போனால் காற்றும் தூரமும் கட்டைகளும் அதைக் கரைக்குத் திரும்ப விடாது.

இரட்டை அலைவரிசை எதிரொலிமானி வேறு ரகம். 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு துடிப்பு, 24 அல்லது 33 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று. மேல் அலைவரிசை இளகின சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், கீழ் அலைவரிசை அந்தச் சேற்றுக்குள் ஊடுருவிக் கெட்டித் தரையில் போய் மோதும். இரண்டுக்கும் இடையில் திரையில் ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் தண்ணீராகவும் இல்லாமல் மண்ணாகவும் இல்லாமல் மிதக்கிற குழம்பு. கழிமுகத்தில் இது முக்கியம், ஏனென்றால் ஆற்றில் வருகிற நுண்களி உப்புத் தண்ணீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அங்கேயே படியும். மலையிலும் அணைக்குப் பக்கத்தில் படிகிற மிக நுண்ணிய சேற்றுக்கு இது உதவும், ஆனால் கரட்டு மண்ணும் மணலும் ஓடை வாயிலேயே நின்றுவிடுகின்றன, மரக்கறித் தோட்டச் சரிவுகளிலிருந்து வருவது உட்பட. ஆகவே மலையில் மண் கணக்குத்தான் வேண்டும் என்றால் அணைப்பக்கம் விலையுயர்ந்த கருவியோடு சுற்றுவதைவிட ஓடை வாய்களில் நெருக்கமாகக் கோல் போடுவது மேல்.

பல்கற்றைச் சோனார் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கற்றைகளை விசிறி மாதிரி விரித்து ஒரு பட்டையையே அளந்துவிடும். துறைமுக வாய்க்காலுக்கும் ஆழ்கடலுக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. மகாவலி 335 கி.மீ. ஓடிக் கொட்டியாரக்குடாவில் விழுகிற இடத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குகிறது, நம்ம மலையில் பிறக்கிற ஆறு கடைசியில் அப்படி ஒரு பாதாளத்தின் வாயில் போய் நிற்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். அங்கெல்லாம் இது இல்லாமல் முடியாது. ஆனால் பட்டையின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது, ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு. இரண்டு மீட்டர்த் தண்ணீரில் ஆறேழு மீட்டர்ப் பட்டைதான் கிடைக்கும், அதற்குக் கோடிக்கு மேல் விலையுள்ள கருவி, வள்ளத்தின் ஆட்டத்தைத் திருத்துகிற உணரி, ஒலி வேகம் பார்க்கிற கருவி, பயிற்சி உள்ள ஆள் எல்லாம் வேண்டும். கழிமுகத்தில் மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக அடுக்காக நிற்பதால் விசிறியின் ஓரக் கற்றைகள் வேறு வளைந்துபோகும். மலை நீர்த்தேக்கத்தில் இதனால் உண்மையான லாபம் உண்டு, சரிவுப் பிழை பெரும்பாலும் ஒழியும். யாராவது பல்கலைக்கழகமோ திணைக்களமோ தங்கள் செலவில் கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் காசு கொடுத்து எடுக்காதீர்கள்.

செயற்கைக்கோள் படத்திலேயே ஆழம் கண்டுபிடிக்கலாமாமே என்று அந்தத் தம்பி கேட்டார். கண்டுபிடிக்கலாம், தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால். நீல ஒளியும் பச்சை ஒளியும் தண்ணீருக்குள் வேறு வேறு வேகத்தில் மங்குவதை வைத்துப் போடுகிற கணக்கு அது, பவளப்பாறைக் கடற்கரைகளில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்து வாவியிலும், மண் கரைந்து தேநீர் நிறத்தில் நிற்கிற நீர்த்தேக்கத்திலும் ஒளி அடியைத் தொடவே தொடாது. விமானத்திலிருந்து பச்சை லேசர் அடிக்கிற முறைக்கும் இதே நோய்தான், கண்ணுக்கு அடி தெரிகிற ஆழத்தின் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் அது போகாது.

ஆனால் செயற்கைக்கோளை வேறு விதமாகப் பயன்படுத்தலாம், இந்த முறையை நான் மலை ஆட்களுக்கு அழுத்திச் சொல்வேன். நீர்த்தேக்கம் நிரம்பிக் குறைகிறபோது கரைக்கோடு நகர்கிறது அல்லவா? ஒவ்வொரு கரைக்கோடும் ஒரு சமவுயரக் கோடு. அன்றைக்கு அணையில் நீர்மட்டம் என்ன என்று தெரிந்தால் அந்தக் கோட்டின் உயரம் தெரிந்துவிட்டது, சோனாரும் வேண்டாம் வள்ளமும் வேண்டாம். சென்டினல்-2 என்கிற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம், 10 மீட்டர் நுணுக்கம். நம்ம ஊர் முகில் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது, அது முகிலைத் தாண்டிப் பார்க்கும். தென்மேல் பருவமழையில் வான்கதவு வரை நிரம்புகிற தண்ணீர் பங்குனி, சித்திரை வரைக்கும் இறங்குகிறது. மவுசாகலையில் மட்டம் நன்றாக இறங்கினால், 1969இல் முங்கின பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே வருவதை எல்லாரும் போய்ப் பார்க்கிறோம், செல்பி எடுக்கிறோம். அந்த நாட்களில் வெளியே கிடக்கிற முழுச் சரிவையும் ட்ரோன் படத்தாலோ, சாதாரண நில அளவைக் கருவியாலோ செ.மீ. கணக்கில் அளந்துவிடலாம். சோனார் பொய் சொல்கிற அதே சரிவான ஓரம்தான் இது என்பதைக் கவனியுங்கள். மீதி இருக்கிற அடிப்பகுதி சற்றே தட்டையானது, அங்கே மலிவான சோனாரும் நம்பத்தக்கது.

ஒரே எச்சரிக்கை, வெளியே வந்த சேறு மேலே வெடித்துக் காய்ந்த மாதிரித் தெரியும், நம்பிக் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், ஓடை வாய்களில் அதற்கு மேலும். ட்ரோனுக்கு அடையாளக் குறி வைக்கப் போகிறவர்கள் பலகையும் கயிறும் துணைக்கு ஆளும் இல்லாமல் இறங்க வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளும், நீர்த்தேக்கத்துக்கு அதை நடத்துகிற மின்சார நிறுவனத்தின் அனுமதியும் இருக்கின்றன, கடிதம் எழுதி வாங்கிக்கொண்டே இறங்குங்கள்.

இந்த வழி கழிமுகத்தில் பலிக்காது. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, வாவிக்குள் அது இன்னும் தணிந்துவிடும், வெளியே தெரிகிற தரை ஒரு ஒடுங்கிய ஓரம் மட்டுமே. அது மட்டுமில்லை, மட்டக்களப்பில் மணல் திட்டு முகத்துவாரத்தை மூடியிருக்கும்போது வாவியின் மட்டத்தை நடத்துவது மழை, கடல் இல்லை. வெள்ளத்தில் திட்டு உடைந்தாலோ வெட்டிவிட்டாலோ கடல் உள்ளே வந்துவிடும். ஆகவே துறைமுகத்து வற்றுப்பெருக்கு அட்டவணையை இறக்கி அதை வைத்துத் திருத்துவது வீண் வேலை. அளக்கிற இடத்திலேயே ஒரு அளவுக்கோலை நட்டு, அதன் பூச்சியத்தை அருகில் உள்ள, உயரம் ஏற்கெனவே தெரிந்த நில அளவை மட்டக்குறியோடு மட்டம் பார்த்து இணைத்து, கால் மணிக்கு ஒரு தடவை ஒருவர் படித்து எழுத வேண்டும். வாய்க்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு கோல் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. இந்த வேலை போரடிக்கிற வேலை, படகில் போகிறவருக்குக் கிடைக்கிற மதிப்பு கோல் படிக்கிறவருக்குக் கிடைக்காது, ஆனாலும் முழு வரைபடமும் அவர் கையெழுத்தில்தான் நிற்கிறது.

மலையில் மட்டம் பார்ப்பது ஒப்பீட்டில் சுகம், அணையில் ஏற்கெனவே அளவுக்கோல் இருக்கிறது. மவுசாகலை மாதிரி 12 கோடி கன மீட்டருக்குப் பக்கத்தில் கொள்கிற பெரிய தேக்கத்தில் மழையில்லாத நாளில் மட்டம் மெல்லத்தான் நகரும், காலையும் மாலையும் எழுதினால் போதும். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் தேக்கம் சின்னது, மின்நிலையம் சில மணி நேரம் ஓடினாலே மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கும், அங்கே மணிக்கணக்கில் எழுதாமல் முடியாது. சொல்லப்போனால் அங்கே சின்ன வள்ளத்தோடு இறங்குகிற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

மட்டத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் எல்லாப் புள்ளியும் 10 செ.மீ. ஒரே பக்கமாகத் தவறினால் கணக்கில் ஒரு லட்சம் கன மீட்டர் கூடும் அல்லது குறையும். நம்ம கணக்கில் சொன்னால் 35,000 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற தவறு கூட்டிப் பார்க்கையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒரே பக்கமாக வருகிற தவறு போகாது. உலக நீரியல் அளவை அமைப்பின் எஸ்-44 விதிகள், 2020இல் வந்த ஆறாம் பதிப்பு, கப்பல் அடி தட்டக்கூடிய இடங்களுக்கான சிறப்பு வகுப்புக்கே ஆழமில்லாத தண்ணீரில் கால் மீட்டர்ப் பிழையை அனுமதிக்கின்றன. அது கப்பலைக் காப்பாற்றுவதற்கான விதி. மண் கணக்குக்கு அந்தக் கால் மீட்டர் ஒரே திசையில் இருந்துவிட்டால் அறிக்கையே குப்பை.

பழைய வரைபடத்தோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓரங்குலம்) வரைபடங்களில் சமவுயரக் கோடு நூறு அடிக்கு ஒன்று. அந்த நூறு அடிக்குள் தரை எப்படி நெளிந்தது என்று அதில் இல்லை. அதிலிருந்து பழைய தரையைக் கற்பனை செய்து இன்றைய அளவைக் கழித்தால் வருகிற எண் மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. அணை கட்டினபோது எடுத்த விரிவான அளவைப் படம் கிடைத்தால் ஒப்பிடலாம், இல்லையென்றால் இன்றைக்கு அளப்பதை முதல் அளவாக வைத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்து அதே கோடுகளில் திரும்ப அளப்பதுதான் நேர்மையான வழி. மலை வரைபடம் அவ்வளவு காலம் தாங்கும். கழிமுக வரைபடம் தாங்காது, ஒரு வெள்ளம் போதும் மணல் திட்டை இடம் மாற்ற. அதில் தேதி எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் அதை நம்பி வள்ளம் ஓட்டுகிறவர் தரை தட்டுவார்.

களனியின் கதையையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். காசல்ரீயின் கெஹெல்கமு ஓயாவும் மவுசாகலையின் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி, அது கொழும்பு முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. கீழே மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோனதால் வறட்சியில் உப்புத் தண்ணீர் அம்பத்தலை குடிநீர் எடுக்கிற இடம் வரை ஏறி வர, அதைத் தடுக்க ஆற்றில் தடுப்பே போட வேண்டி வந்தது. அப்படி ஒரு இடத்தில் ஆற்றடியின் நீளவாக்குச் சாய்வுதான் கேள்வி. அதற்குக் குறுக்குக் கோடுகள் மட்டும் போதாது, நடு ஆற்றோடு ஒரு நீளக்கோடும் ஓட்டி, அதே வேளையில் உப்பையும் ஆழவாரியாக அளக்க வேண்டும். மட்டக்களப்பு முகத்துவாரத்தில் கேள்வி மணல் திட்டு எவ்வளவு, எங்கே என்பது. அங்கே நெருக்கமான குறுக்குக் கோடுகளும், திட்டின் மேல் நடந்துபோய் எடுக்கிற உயரங்களும் போதும்.

செலவைப் பார்த்தால், மீன் தேடும் சோனார் பல்லாயிரத்திலிருந்து ஓரிரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். சரிவுக்குத் தேவையான செ.மீ. துல்லிய ஜிபிஎஸ் அதைவிடக் கூட, வாங்காமல் நாள் வாடகைக்கு எடுக்கலாம். பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் அறுந்துபோகும் என்பதால் உடனுக்குடன் திருத்துகிற முறையை நம்பாமல், தரவைப் பதிந்துகொண்டு வீட்டில் வந்து திருத்துகிற முறையைக் கேட்டு எடுங்கள். காசல்ரீ ஆட்களிடம் நான் சொன்னது இதுதான்: சோனாரை இப்போதே வாங்குங்கள், வலை கிழிகிற பிரச்சினைக்கு அது உடனே உதவும், மண் கணக்கைத் தண்ணீர் இறங்குகிற மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள், ஜிபிஎஸ்ஸும் ட்ரோனும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வாடகைக்கு. குறுக்குக் கோடுகளைப் பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக ஓட்டி, அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு மூன்று நீளக்கோடும் போடுங்கள். வெட்டுகிற இடத்தில் இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் வரைபடம் வரைய உட்காராமல் திரும்பப் போய் அளந்து வாருங்கள்.

தம்பிக்கு: எதையும் வாங்காதே. கோலும் மட்டக்குறி வேலையும் உன் கையால் செய், இரட்டை அலைவரிசைக் கருவியைத் துறையிடம் கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்து மீனவர் ஒருவரின் தோணியில் கயிறும் தட்டுமாகப் போ, ஒன்றரை மீட்டர்த் தண்ணீரில் அது எந்தச் சோனாருக்கும் சளைத்ததில்லை. திட்டு மூடியிருக்கும்போது ஒரு தடவை, திறந்த பிறகு ஒரு தடவை அளந்தால் ஆய்வறிக்கைக்கு அந்த வித்தியாசமே போதும்.